கையைக் கட்டினால் மூளை விரியுமா?

"கையைக் கட்டு! வாயைப் பொத்து!" என்பதுதான் நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப்படும் முதல் பாடமாய் இருந்து வருகிறது. 'அ'னா, 'ஆ'வன்னா எல்லாம் அதற்கு அப்புறந்தான். குத்துக்கல் போல் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு "நல்ல பிள்ளை" என்று பேர். காலை ஆட்டுகிற, எழுந்து ஓடுகிற, கையில் அகப்பட்டதைப் பிரித்துப் பார்க்கிற பிள்ளைக்கு "வாலு" என்றும், "தறுதலை" என்றும், "உருப்படாதது" என்றும் பட்டம். பெற்றவர்களும் உபாத்தியாயர்களும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எப்பொழுதும் ஒரே அபிப்பிராயமாய் இருக்கிறார்கள்.

இந்தக் கைகட்டி வாய்பொத்தும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று யாராவது யோசித்ததுண்டா? பண்ணையார் வீட்டு வாசலில் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "சாமி" என்று கூனிக்குறுகி நின்றானே, அந்தப் பண்ணையாளின் நிலையல்லவா இது? தன் மூச்சுக்காற்றுக்கூட எஜமானன்மேல் பட்டுவிடக் கூடாது என்பதற்காக ஜாதிக் கொடுமை கற்றுக் கொடுத்த அடக்கமல்லவா இது? தெருவிலே நாம் பெரும்பாடுபட்டு ஒழிக்கப் பார்த்த அந்த நிலையை, பள்ளிக்கூடத்துக்குள்ளே "ஒழுக்கம்" என்கிற பேரால் வைத்துக் காப்பாற்றி வருகிறோம். அதுவும் ஐந்து வயதுக் குழந்தையிடம்!

பிரம்பு போய்விட்டதே என்று சிலர் சொல்லக்கூடும். 2009-இல் வந்த கட்டாயக் கல்விச் சட்டம் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று சொல்லுவது வாஸ்தவந்தான். அதே சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக்கூடம் என்று இருந்தால் விளையாட்டு மைதானமும், விளையாட்டுச் சாமான்களும் இருந்தாக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. ஆனால் பூட்டுக்குப் பேர் போன நம் திண்டுக்கல்லில், பூட்டைப் போலவே பிள்ளையையும் நாலு சுவருக்குள் இறுகப் பூட்டி வைப்பதுதான் உயர்ந்த படிப்பு என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலை ஏழரை மணிக்குப் பேருந்து நிலையத்தின் பக்கம் நின்று பார்த்தால் தெரியும். ஆட்டோக்களிலும் வேன்களிலும் பிள்ளைகள் மூட்டை அடுக்குவது போல் அடுக்கப்பட்டுப் போகிறார்கள். போய் இறங்குகிற இடமோ பெட்டியைப் பெட்டியின்மேல் வைத்தாற்போன்ற கட்டிடம். முன்னால் வேன் நிறுத்துகிற காலி இடம் ஒன்று இருக்கும். அதற்குத்தான் சர்க்கார் காகிதத்தில் "மைதானம்" என்று பேர். எட்டு மணி நேரம் பெஞ்சியில். பிறகு வேனில். பிறகு டியூஷனில். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ என்று அட்டவணையில் போட்டிருக்கும் உடற்பயிற்சி வகுப்பையும், பரீட்சை வருகிறது என்று கணக்கு உபாத்தியாயர் கடன் வாங்கிக்கொள்ளுகிறார். அந்தக் கடன் திரும்பி வந்ததாக எந்தப் பிள்ளையும் சொல்லி நாம் கேட்டதில்லை.

இப்படி அடக்கி வைத்தால் படிப்பு வருமா என்பதுதான் நாம் கேட்கிற கேள்வி.

குழந்தை எப்படிக் கற்றுக்கொள்ளுகிறது என்பதைப் பெற்ற தாய்மார்கள் எல்லோரும் கண்ணால் கண்டிருக்கிறார்கள். கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்க்கிறது. வாயில் வைத்துப் பார்க்கிறது. தூக்கிப் போட்டுச் சத்தம் கேட்கிறது. தவழ்ந்து போய் "தூரம்" என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுகிறது. விழுந்து எழுந்து "உயரம்" என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுகிறது. "உள்ளே, வெளியே, மேலே, கீழே" என்கிற வார்த்தைகளை எந்த உபாத்தியாயரும் அதற்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதில்லை. கட்டிலுக்கு அடியில் நுழைந்தும் திண்ணைமேல் ஏறியும் அதுவாகவே கற்றுக்கொள்ளுகிறது. எண்ணுவதற்கு விரலை மடக்குகிறது. இவ்வளவு அரிய பெரிய விஷயங்களையெல்லாம் உடம்பைக் கொண்டே கற்றுத் தேறிய அந்தக் குழந்தையை, பள்ளியில் சேர்த்த அன்றே, "இனிமேல் உடம்பை வெளியே விட்டுவிட்டுத் தலையை மட்டும் உள்ளே கொண்டுவா" என்று சொல்லுகிறோம்.

நாம் பெரிய கலாசாலைகளில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் அல்ல. ஆனாலும் படித்தவர்கள் ஆராய்ந்து கண்டதை எடுத்து நம் ஜனங்களுக்குச் சொல்லத் தடை ஒன்றுமில்லை. பின்மண்டைக்கு அடியில் சிறுமூளை என்று ஒன்று இருக்கிறது. மொத்த மூளையில் உள்ள நரம்பணுக்களில் பாதிக்குமேல் அந்தச் சிறு இடத்தில்தான் இருக்கின்றன. நிற்பதற்கும் நடப்பதற்கும் மட்டும் அது வேண்டும் என்று முன்பு நினைத்திருந்தார்கள். கவனம் வைப்பதற்கும், பேச்சுக்கும்கூட அது துணை செய்கிறது என்று பிற்பாடு கண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையில் சார்லஸ் ஹில்மன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 2009-இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். பிள்ளைகளை ஓடுபட்டை இயந்திரத்தின்மேல் 20 நிமிஷம் வேகமாய் நடக்கவிட்டு, அதற்குப் பிறகு பரீட்சித்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்த நாளில் செய்ததைவிட, நடந்த நாளில் கவனம் கூர்மையாய் இருந்ததாகவும், வாசித்துப் பொருள் கொள்ளுவது நன்றாய் இருந்ததாகவும் கண்டார்கள். ஒரு நாள் கூத்தாய் இருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு, அவர்களே 2014-இல் வெளியிட்ட இன்னொன்றும் இருக்கிறது. ஏழு முதல் ஒன்பது வயது வரையுள்ள 200-க்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சீட்டுப்போட்டு இரண்டு கூட்டமாய்ப் பிரித்து, ஒரு கூட்டத்தாரைப் பள்ளிவிட்ட பிறகு தினமும் ஓடியாட வைத்து, ஒன்பது மாதம் பொறுத்துப் பார்த்தார்கள். ஓடியாடிய பிள்ளைகள் மனதை ஒரு காரியத்தில் நிறுத்துவதிலும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்புவதிலும் மற்றவர்களைவிட மேலாய் இருந்தார்கள். இந்தியானா சர்வகலாசாலையில் 2012-இல் வேறொரு ஆராய்ச்சி. இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளில், எழுத்தைத் தட்டச்சுப் பொத்தானை அழுத்திப் பழகியவர்களைவிட, தங்கள் கையாலேயே கோணலும் மாணலுமாய் எழுதிப் பழகியவர்களின் மூளையில்தான், வாசிப்பதற்கு வேண்டிய பாகங்கள் அந்த எழுத்தைக் கண்டதும் நன்றாய் வேலை செய்தன. கை போன வழியில் மூளை போகிறது என்று இதற்கு அர்த்தம்.

ஓடினால் கணக்குத் தானாய் வந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஓடுவதோடு கணக்கும் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். ஆனால் ஓட விடாமல் சொல்லிக் கொடுக்கிற கணக்கு, நனையாத விறகுக்குப் பதில் நனைந்த விறகில் தீ மூட்டுவது போன்றது. ஊதி ஊதிக் கண் எரிச்சல்தான் மிச்சம்.

நிற்க. இதெல்லாம் சீமைச் சரக்கு, நம் ஊருக்கு ஒவ்வாது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இந்த விஷயத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் தலைசிறந்த ஓர் அம்மையார் நம் ஜில்லாவில் குடியிருந்தவர். அவர்தான் மரியா மாண்டிசோரி. இத்தாலி தேசத்தார், வைத்தியம் படித்தவர். 1907-இல் ரோமாபுரியில் சான் லொரென்சோ என்கிற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், தாய் தகப்பன் வேலைக்குப் போய்விட்டபின் சுவரில் கிறுக்கிக்கொண்டு திரிந்த பிள்ளைகளை வைத்துத்தான் தம் பள்ளியைத் தொடங்கினார். தரையோடு அறைந்த பெஞ்சிகளை எடுத்துவிட்டு, குழந்தையே தூக்கி நகர்த்தக்கூடிய சிறு நாற்காலிகளைப் போட்டார். உப்புத்தாளில் எழுத்துக்களை வெட்டி ஒட்டி, விரலால் தடவித் தடவிப் பழகச் செய்தார். தரையில் ஒரு கோடு போட்டு அதன்மேல் நடக்கவிட்டார். தண்ணீர் ஊற்றவும், பொத்தான் போடவும், பெருக்கவும் விட்டார். கை வேலை செய்யச் செய்யத்தான் புத்தி விரிகிறது என்று கண்ணால் கண்டதைச் சொன்னார்.

1939-இல் அந்த அம்மையார் பிரம்மஞான சபையாரின் அழைப்பின்மேல் சென்னை அடையாறுக்கு வந்தார். 1940-இல் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், விரோதி நாட்டார் என்று சொல்லி அவர் மகனை வெள்ளைக்காரச் சர்க்கார் காவலில் வைத்தது. அவரையும் ஊரைவிட்டுப் போகவொட்டாமல் தடுத்தது. மகன் சில மாதங்களில் விடப்பட்டார். ஆயினும் 1946 வரை இந்த நாட்டிலேயே அம்மையார் இருக்க நேர்ந்தது. அதில் 1942 முதல் 1944 வரை தங்கியது கொடைக்கானலில். அங்கேயே பல வயதுப் பிள்ளைகளையும் ஒன்றாய் வைத்துப் பள்ளி நடத்தி, செடியையும் பூச்சியையும் கல்லையும் தொட்டு எடுத்துப் பார்த்துப் படிக்கச் செய்தார். பிரம்மஞானக்காரர்களின் மறுபிறப்புக்கும் மகாத்மாக்களுக்கும் நமக்கும் வெகு தூரம். அதற்காக அவர்கள் வீட்டு விருந்தாளி கண்டுபிடித்த நல்ல விஷயத்தை வேண்டாம் என்று தள்ளுகிற மூடர்கள் அல்ல நாம்.

நம் வருத்தமெல்லாம் வேறு. மலைமேல் இருந்த அந்தப் படிப்பு, வத்தலக்குண்டு ரோட்டு வழியாய்ச் சமவெளிக்கு இறங்கி வந்தபோது, அதன் பேர் மட்டும் வந்தது, சரக்கு வரவில்லை. இன்று திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் "மாண்டிசோரி" என்று பலகை தொங்குகிற இடங்களில் பலவற்றில் உள்ளே போய்ப் பார்த்தால், மூன்று வயதுக் குழந்தை பெஞ்சியில் உட்கார்ந்து கோடு போட்ட நோட்டில் இங்கிலீஷ் எழுத்தைப் பக்கம் பக்கமாய் எழுதிக்கொண்டிருக்கிறது. ஏழைத் தொழிலாளி பிள்ளைக்காக உண்டான படிப்பின் பேரைச் சொல்லி, ஏழைத் தொழிலாளி எட்டிப் பார்க்க முடியாத சம்பளம் வாங்குகிறார்கள். செத்துப்போனவர் வந்து கேட்கப் போவதில்லை என்கிற தைரியந்தான்!

உப்புத்தாள்கூடத் தேவையில்லை என்பதற்கும் நம்மிடமே அத்தாட்சி உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகினார்கள் என்பது கிழவர்கள் எல்லோரும் அறிந்தது. 1787-இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார், எழும்பூரில் சிப்பாய்களின் அனாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்தியவர், இந்த மணல் எழுத்தைக் கண்டு அதிசயித்தார். தம் விடுதியில் இருந்த உபாத்தியாயர்கள் புது முறைக்கு முரண்டு பிடிக்கவே, எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டே சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுக்க வைத்தார். 1797-இல் அதைப் புஸ்தகமாய் லண்டனில் அச்சிட்டார். "மதராஸ் முறை" என்ற பேரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குள் பரவியது. பார்த்தீர்களா நம் முன்னோர் பெருமை என்று பழம்பெருமைக்காரர்கள் இங்கே தோள் தட்டக் கிளம்புவார்கள். தாராளமாய்த் தட்டட்டும். ஆனால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் தட்டட்டும். ஆற்றில் மணல் எல்லோருக்கும் பொதுவாய்க் கிடந்தது. அதைப் பரப்பிய திண்ணை எல்லோருக்கும் பொதுவாய் இருந்ததா? எத்தனை ஜாதிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் ஏற உரிமை இருந்தது? பெண் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த மணலில் விரல் வைத்தார்கள்?

இந்த இடத்தில் ஒரு பெரிய மோசடிக்கு எச்சரிக்கையாய் இருக்க வேண்டும். "உடம்பை அசைத்தால் அறிவு வளரும் என்று நீங்களே சொல்லுகிறீர்களே, அப்படியானால் பிள்ளைகள் தகப்பனோடு தொழில் செய்தால் என்ன?" என்று ஒரு கேள்வி வரும். வந்தும் இருக்கிறது. 1953-இல் ராஜகோபாலாச்சாரியார் முதல் மந்திரியாய் இருந்தபோது, கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம் படிப்புப் போதும், பாக்கி நேரம் அப்பன் செய்கிற தொழிலை வீட்டிலிருந்து பழகட்டும் என்று ஒரு திட்டம் போட்டார். குலக்கல்வித் திட்டம் என்று நாடே காறித் துப்பியது. பெரியார் அதை எதிர்த்து ஊர் ஊராய்க் கிளர்ச்சி நடத்தினார். 1954-இல் காமராஜர் மந்திரிசபை வந்த சூட்டோடு அது குழிதோண்டிப் புதைக்கப்பட்டது. சவரம் செய்கிறவர் மகன் கத்தி தீட்ட, வெளுக்கிறவர் மகன் மூட்டை சுமக்க, மணியாட்டுகிறவர் மகன் மாத்திரம் புஸ்தகம் புரட்ட - இதற்கு "கையால் கற்றல்" என்று அலங்காரப் பேர் வேறு!

நம் திண்டுக்கல்லுக்கு அருகிலேயே சின்னாளபட்டிப் பக்கம் 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை ஏற்படுத்தி, 1937-இல் வார்தாவில் காந்தியார் சொன்ன ஆதாரக் கல்வியை நடத்தினார்கள். அந்தப் படிப்பு பிறந்த ஜாதியைப் பார்த்துத் தொழிலைப் பங்கிடவில்லை என்பதையும், பள்ளிக்கூடத்துக்குள்ளேயே எல்லோரையும் ஒன்றாய் உட்கார்த்தி நூற்கவும் தோட்டம் போடவும் வைத்தது என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறோம். அந்த வகையில் அது குலக்கல்விக்கு எவ்வளவோ மேல். ஆயினும் பிள்ளை நூற்ற நூலை விற்றுப் பள்ளிச் செலவைச் சரிக்கட்டலாம் என்கிற அந்தத் திட்டத்தின் யோசனை நமக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. குழந்தையின் கை எதற்கு அசைகிறது என்பதுதான் கேள்வி. தான் தெரிந்துகொள்ளுவதற்கு அசைந்தால் படிப்பு. பிறத்தியாருக்குச் சம்பாதித்துக் கொடுப்பதற்கு அசைந்தால் கூலி.

நிலக்கோட்டைப் பக்கத்தில் விடிவதற்கு முன்னால் மல்லிகை மொட்டுப் பறிக்கத் தாயோடு போகிற பெண் குழந்தைக்கு உடல் அசைவு குறைவா? கைவிரல் அசைவு குறைவா? அப்படியிருந்தும் பத்து மணிக்கு வகுப்பில் அவள் தூங்கி விழுகிறாள். அவளைப் பார்த்து, "குதித்து ஓடு, மூளை வளரும்" என்று சொல்லுவது எவ்வளவு அயோக்கியத்தனம்! அவளுக்கு வேண்டியது தூக்கம், சோறு, புஸ்தகம், பிறகு கூட விளையாடத் தோழிகள். 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று ஒரு கையால் எழுதிவிட்டு, பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று மறு கையால் எழுதி வைத்தார்கள். 1954-இல் புதைத்த பிணம் அந்த விதிவிலக்கு வழியாய்த்தான் கையை வெளியே நீட்டுகிறது.

இது ஒரு பக்கத்து மோசடி என்றால், மற்றொரு பக்கத்து மோசடி வெகு வேடிக்கையானது. பிள்ளையார் முன்னால் போடுகிற தோப்புக்கரணம் இருக்கிறதே, அது இப்பொழுது கப்பலேறிப் போய் "சூப்பர் பிரெயின் யோகா" என்கிற பேரோடு திரும்பி வந்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் தேசத்தைச் சேர்ந்த சோவா காக் சூய் என்பவர் 2005-இல் அதற்கென்றே ஒரு புஸ்தகம் போட்டார். வலது காதைப் பிடித்தால் இடது மூளையும், இடது காதைப் பிடித்தால் வலது மூளையும் தூண்டப்பட்டு, கீழே கிடக்கும் சக்தி மேலே ஏறி மூளைக்குள் போகிறதாம்! 2019-இல் அரியானாவின் பள்ளிக் கல்வி வாரியம் பிவானியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இதை நடத்துவதாய் அறிவித்தும் விட்டது. நம் ஊர் ஆசாமிகளுக்குக் கேட்க வேண்டுமா? "பார்த்தாயா, வெள்ளைக்காரனே ஒத்துக்கொண்டான்!" என்று கிளம்பிவிட்டார்கள்.

உட்கார்ந்து எழுந்தால் தொடைக்கும் இருதயத்துக்கும் நல்லது என்பதில் நமக்குச் சண்டை இல்லை. ரத்தம் ஓடும், தூக்கம் கலையும். அது காதைப் பிடித்தாலும் கலையும், மூக்கைப் பிடித்தாலும் கலையும், ஒன்றையும் பிடிக்காமல் கபடி ஆடினாலும் கலையும். காதுக்கும் மூளைக்கும் இடையே சக்திக் குழாய் போட்டிருப்பதாய் எந்த வைத்தியக் கல்லூரியில் பிணத்தை அறுத்துக் கண்டார்கள்? சரி, தோப்புக்கரணம் மூளையை வளர்க்கும் என்பது மெய்யானால், நம் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாய் அதிகத் தோப்புக்கரணம் போட்டவர்கள் யார்? கடைசி பெஞ்சிக்காரர்கள் அல்லவா? அவர்கள் எல்லோரும் இந்நேரம் கலெக்டராய் இருக்க வேண்டாமா? தண்டனையாகக் கொடுத்ததையே ஞானம் என்று சொல்லி விற்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இதற்கு அண்ணன் தம்பிகள் பலர். கழுத்தெலும்புக்குக் கீழே தேய்த்தால் மூளைக்கு ரத்தம் பாயும் என்று சொல்லி அமெரிக்காவில் கிளம்பிய "பிரெயின் ஜிம்" இங்கிலாந்துப் பள்ளிகளில் நுழைந்தபோது, 2008-இல் அந்நாட்டு விஞ்ஞானிகளே முன்வந்து இதில் விஞ்ஞானம் இல்லை என்று கண்டித்தார்கள். நம் நாட்டில் "நடுமூளையைத் தூண்டுகிறோம்" என்று ஆயிரக்கணக்கில் பணம் பறித்துக்கொண்டு, பிள்ளையின் கண்ணைக் கட்டிப் புஸ்தகம் வாசிக்க வைக்கிற வித்தை ஒன்று நடந்தது. மூக்கோரத்துச் சந்து வழியாய்ப் பிள்ளை எட்டிப் பார்க்கிறது என்பதை மங்களூர்ப் பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் முதலியோர் பல ஊர்களில் செய்து காட்டினார்கள். இதில் பணம் போனதுகூட நமக்குப் பெரிதல்ல. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கி, அதைப் பார்த்துத் தாய் தகப்பனைக் கைதட்ட வைத்தார்களே, அதுதான் கொடுமை. காசில்லாமல் தெருவில் கிடைக்கிற பாண்டியும், நொண்டியும், கிட்டிப்புள்ளும், பச்சைக்குதிரையும், தட்டாங்கல்லும் இருக்க, இந்தப் புரட்டுக்காரர்களிடம் போய் ஏன் விழ வேண்டும்? ஐந்து கல்லைத் தூக்கிப் போட்டு, விழுவதற்குள் கீழே கிடப்பதை வாரி, மேலே வருவதையும் பிடிக்கிற பெண் குழந்தை அந்த ஒரு நொடியில் எண்ணுகிறாள், அளக்கிறாள், காத்திருக்கிறாள். இதற்குமேல் என்ன மூளைப் பயிற்சி வேண்டும்?

சர்க்கார் பள்ளிக்கூடங்கள் இந்த விஷயத்தில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சாகும். 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராய் இருந்த எம்.பி. விஜயகுமார் என்பவர், ரிஷி வேலியில் நடந்துவந்த முறையைப் பார்த்து, மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08-இல் அது தமிழ்நாடு முழுவதும் உள்ள சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்குப் பரவியது. பெஞ்சி போயிற்று. உபாத்தியாயரும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். பிள்ளை தானே எழுந்து போய், ஏணிப்படி போட்ட படத்தில் தான் நிற்கிற படியைப் பார்த்து, தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்து வந்து, முடித்ததும் திரும்பக் கொண்டுபோய் வைத்தது. எழுத அதன் உயரத்துக்குச் சுவரிலேயே கரும்பலகை. வேடசந்தூர்ப் பக்கத்துக் கூலிக்காரர் பிள்ளைக்கும், சான் லொரென்சோவில் அந்த அம்மையார் செய்தது கிடைத்தது. சம்பளம் இல்லாமல் கிடைத்தது! ஒரே உபாத்தியாயர் பல வகுப்புகளையும் கட்டி மேய்த்துக்கொண்டு, அட்டைக்கும் பதிவேட்டுக்கும் பதில் சொல்லித் திண்டாடினார் என்கிற குறையும் வாஸ்தவமே. ஆளைப் போடாமல் அட்டையை மட்டும் போட்டால் அப்படித்தான் ஆகும். 2022-இல் ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்காக வந்த "எண்ணும் எழுத்தும்" திட்டத்திலும் ஆட்டமும் பாட்டும் பொம்மையுமாய்ப் பாடம் நடத்த ஏற்பாடு செய்தார்கள்.

ஆனால் நம் ஜனங்கள் செய்தது என்ன? "அங்கே எப்பப் பார்த்தாலும் விளையாட்டுத்தான், படிப்பே இல்லை" என்று சொல்லிப் பிள்ளையை அங்கிருந்து பிடுங்கி, வட்டிக்குக் கடன் வாங்கி, கையைக் கட்டி உட்கார வைக்கிற இடத்தில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். தோல் கிடங்கிலும் நூல் ஆலையிலும் நாளெல்லாம் நின்று உழைத்த தகப்பன், தன் பிள்ளையாவது உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று ஆசைப்படுகிறான். அந்த ஆசையை நாம் குறை சொல்ல மாட்டோம். உடம்பு அசைகிறவன் கீழ்ஜாதி, உட்கார்ந்திருக்கிறவன் மேல்ஜாதி என்று இந்த நாடு ஆயிரம் வருஷமாய் அவன் தலையில் அடித்துச் சொல்லியிருக்கும்போது அவன் வேறெப்படி நினைப்பான்? ஆனால் தோழரே, உங்கள் பிள்ளை பிற்காலத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமானால் இப்பொழுது ஓடியாக வேண்டும். எட்டு மணி நேரம் பெஞ்சியில் அடக்கப்பட்டவன் பிறத்தியார் சொன்னதை ஒப்பிக்கத்தான் பழகுவான். அப்படிப்பட்டவனுக்கு மேலே ஒரு எஜமான் எப்பொழுதும் தயாராய் இருப்பான்.

பெண் குழந்தைகளின் பாடு இதைவிட மோசம். ஐந்து முதல் பதினேழு வயது வரை தினம் 60 நிமிஷமாவது உடம்பு நன்றாய் அசைய வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. 2016-ஆம் வருஷத்து உலகக் கணக்குப்படி 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 100-க்கு 81 பேருக்கு அது கிடைக்கவில்லை. ஆண்களில் 78, பெண்களில் 85. உலகத்துக்கே இந்தக் கதி என்றால், "பொட்டைப்பிள்ளைக்கு என்ன ஓட்டம்?" என்று கேட்கிற நாட்டில் எப்படி இருக்கும்? பத்து வயது வரையில் பையனுக்குச் சமமாய்ப் பாண்டி ஆடினவளை, பெரியவளானதும் மூலையில் உட்கார வைத்து, எழுந்ததற்கப்புறம் ஓடாதே, குதிக்காதே, குனியாதே, சிரிக்காதே என்கிறோம். பிறகு, "பெண்களுக்குக் கணக்கு வராது" என்று நாமே வியாக்கியானமும் சொல்லுகிறோம். காலைக் கட்டிவிட்டு நொண்டி என்று ஏசுகிற யோக்கியதைதான் இது.

ஜூன் மாதம் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போகிற தோழர்கள், சம்பளம் எவ்வளவு, இங்கிலீஷ் எப்படி என்று கேட்பதற்கு முன்னால், மைதானம் எங்கே என்று கேட்க வேண்டும். காட்டச் சொல்லி நடந்து போய்ப் பார்க்க வேண்டும். வாரத்தில் எத்தனை உடற்பயிற்சி வகுப்பு, அதில் எத்தனை மெய்யாகவே நடக்கிறது என்பதை ஆபீஸில் கேட்க வேண்டாம்; அங்கே படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் போதும். பெண் பிள்ளைகள் அந்த மைதானத்தில் ஓடுகிறார்களா, அல்லது ஓரத்தில் நின்று பையன்களின் சட்டையையும் பையையும் காவல் காக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். திண்டுக்கல், நிலக்கோட்டை, வேடசந்தூர், நத்தம், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் உள்ள தோழர்கள் தாங்கள் கண்டதை ஊர்ப் பேரோடு ஒரு கார்டில் நமக்கு எழுதினால், விசாரித்து அடுத்தடுத்த வாரங்களில் வெளியிடத் தயாராய் இருக்கிறோம்.